கடை மூடினால் யாருக்கு நஷ்டம்?

சம்பள நாளன்று மில் கேட்டை விட்டு வெளியே வரும் தொழிலாளி முன்னெல்லாம் எங்கே போவார்? நேராக மளிகைக் கடைக்குத்தான் போவார். பழைய பாக்கியைக் கொடுத்து, நோட்டில் கணக்கைத் தீர்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த மாதத்துக் கணக்கைத் தொடங்குவார். அறுப்புக் கூலி கைக்கு வந்த விவசாயத் தொழிலாளியும் அப்படித்தான்.

இன்று அந்தப் பாதை மாறி வருகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குளுகுளு வசதியோடு பெரிய கம்பெனிக் கடை வந்திருக்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்கிறது. கையில் செல்போன் இருந்தால் அங்கே போகவும் வேண்டியதில்லை. விரலால் தொட்டால் சரக்கு வீட்டு வாசலுக்கு வருகிறது. கடைத் தெருவிலோ ஒவ்வொரு கடையாகக் கதவு சாத்தப்படுகிறது. முப்பது வருஷம் தராசு பிடித்தவர் கடையைப் பூட்டிவிட்டு, மகனை அதே பெரிய கடைக்குச் சம்பளத்துக்கு அனுப்புகிறார்.

“கடைக்காரர் நமக்கு என்ன மாமனா மச்சானா? மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குகிறோம். இதில் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்?” என்று பல தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாங்கும் கூலி போதாதவன் பருப்பில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்தால், அவனைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

ஒரு மூட்டை வாங்குகிறவனுக்கு ஒரு விலை. ஒரு லாரி வாங்குகிறவனுக்கு ஒரு விலை. நாடு முழுவதற்கும் சேர்த்து வாங்குகிறவனுக்கு வேறு விலை. சோப்புக் கம்பெனியும் எண்ணெய்க் கம்பெனியும் சின்னக் கடைக்காரருக்கு ஏஜென்சி மூலம் சரக்குக் கொடுக்கின்றன. பெரிய கம்பெனிக்கு நேராகவே கொடுக்கின்றன. தள்ளுபடியும் தனி. சில சரக்குகளைப் பெரிய கடையில் விற்கிற விலைக்குச் சின்னக் கடைக்காரரால் வாங்கவே முடிவதில்லை. விற்பது எப்படி?

இது பாதிக் கதை. மீதிப் பாதி, நஷ்டத்துக்கு விற்பது. மளிகைக் கடைக்காரர் ஒரு மாதம் நஷ்டத்துக்கு விற்றால் அடுத்த மாதம் கடை இருக்காது. கோடி கோடியாக மூலதனம் உள்ள கம்பெனியோ வருஷக்கணக்கில் நஷ்டம் காட்டியபடியே விற்கிறது. எதற்காக? தர்மம் செய்வதற்கா? மத்திய வர்த்தக மந்திரி பியூஷ் கோயலே இந்தக் கேள்வியை 2024 ஆகஸ்டில் பகிரங்கமாகக் கேட்டார். அமேஸான் கொண்டுவருவதாகச் சொல்லும் பணம் அதன் நஷ்டத்தை ஈடுகட்டத்தானே போகிறது, போட்டியாளரை ஒழிப்பதற்கான விலைக் குறைப்பு இல்லையா இது என்ற பொருளில் பேசினார். பெரிய இடத்தில் சலசலப்பு ஏற்பட்டது. உடனே, இணைய வியாபாரத்துக்கு நாங்கள் விரோதிகள் அல்ல என்று விளக்கம் கொடுத்தார். நோய் என்னவென்று சொன்ன வைத்தியர் மருந்தை எழுதாமல் எழுந்து போய்விட்டார்!

போட்டியாளர் ஒழிந்த பிறகு என்ன நடக்கும்? அமெரிக்காவைப் பாருங்கள். 1962-ல் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் ராஜர்ஸ் என்ற சிறிய ஊரில் முதல் வால்மார்ட் கடை திறக்கப்பட்டது. பெரிய நகரங்களை விட்டுவிட்டு, சிற்றூர்களாகப் பார்த்துப் பிடித்தே அந்தக் கம்பெனி வளர்ந்தது. வட கரோலினா மாகாணத்தில் ஓரியண்டல் என்று ஒரு சிற்றூர். ஆயிரம் பேர் கூட இல்லாத ஊர். 2014-ல் வால்மார்ட் அங்கே ஒரு சிறு கடை திறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஊருக்குச் சோறு போட்ட பழைய மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் 2015-ல் மூடப்பட்டது. 2016 ஜனவரியில் வால்மார்ட், உலகம் முழுவதும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் 154 அமெரிக்காவில். ஓரியண்டல் ஊர்க் கடையும் அந்தப் பட்டியலில் இருந்தது. பழைய கடையும் போயிற்று, புதிய கடையும் போயிற்று. அரிசி மாவு வாங்கவும் ஜனங்கள் காரில் வெளியூர் போகவேண்டி வந்தது. கார் இல்லாத கிழவர்களின் கதி என்ன? கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் அதற்கு இடம் கிடையாது.

கதவைத் திறந்தவர்கள் யார்?

இந்தப் பகாசுரர்கள் சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. கதவைத் திறந்து கூப்பிட்டார்கள், வந்தார்கள்.

2012 செப்டம்பரில் காங்கிரஸ் தலைமையிலான மத்திய சர்க்கார், பல சரக்குச் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் வரை அந்நிய மூலதனம் வரலாம் என்று முடிவு செய்தது. செப்டம்பர் 20ந் தேதி நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. வியாபாரிகளோடு தொழிற்சங்கங்களும் தெருவில் இறங்கின. டிசம்பர் 5ந் தேதி மக்களவையில் ஓட்டெடுப்பு. சர்க்காருக்கு 253 ஓட்டு, எதிராக 218. அந்நிய மூலதனத்தை எதிர்த்து முழங்கிய சமாஜ்வாதிக் கட்சியும் பகுஜன் சமாஜ் கட்சியும் ஓட்டுப் போடாமல் வெளியேறின. அவர்களுடைய வெளிநடப்பே சர்க்காரைக் காப்பாற்றியது.

அன்று எதிர்த்து ஓட்டுப் போட்ட பாரதிய ஜனதா, 2014 தேர்தல் அறிக்கையில் பல சரக்குச் சில்லறை வியாபாரத்தில் அந்நிய மூலதனத்தை அனுமதிக்க மாட்டோம் என்று எழுதியது. ஆட்சிக்கு வந்ததும் என்ன செய்தது? 2016 மார்ச்சில், பிறர் சரக்கை விற்றுக் கொடுக்கும் இணையச் சந்தைக்கு 100 சதவீத அந்நிய மூலதனம் வரலாம் என்று உத்தரவு போட்டது. 2018 மே மாதம் அதே வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டில் 77 சதவீதத்தை வாங்குவதாக அறிவித்தது. வாசலில் தடுத்து நிறுத்தியதாகச் சொன்னவர்கள் கொல்லைப்புறக் கதவைத் திறந்து விட்டார்கள்.

சந்தை மட்டும்தான் நடத்தலாம், சொந்தச் சரக்கை விற்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. 2018 டிசம்பரில் இந்த விதிகளை இறுக்கவும் செய்தார்கள். ஆனால் சட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கம்பெனிகளிடம் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. வேண்டிய சில விற்பனையாளர்களை முன்னால் நிறுத்தி மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள் என்ற புகாரின் பேரில், 2020 ஜனவரியில் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் அமேஸான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணையே கூடாது என்று கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போயின. 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதைத் தடுக்க மறுத்தது. வழக்கு நடக்கிற காலமெல்லாம் வியாபாரமும் நடக்கிறது. தராசில் கொஞ்சம் குறைந்தால் சின்னக் கடைக்காரருக்கு அன்றைக்கே அபராதம்!

அந்நியன் மட்டும்தான் ஆபத்து, உள்நாட்டுப் பெருமுதலாளி நம்மவன் என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். 2022-ல் பிக் பஜார் கடைகளில் பலவற்றை ரிலையன்ஸ் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசம்பரில், சின்னக் கடைகளுக்கு மொத்தச் சரக்கு விற்றுவந்த மெட்ரோ கம்பெனியின் இந்தியக் கிளையை 2,850 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டே அது கைமாறியது. அதாவது, சின்னக் கடைக்காரர் யாரோடு போட்டி போடுகிறாரோ, அவனிடமே போய்ச் சரக்குக்குக் கை நீட்ட வேண்டும். கழுத்தில் கயிற்றைப் போட்டவனிடமே மூச்சுக் காற்றுக்கு மனுக் கொடுப்பது போன்ற நிலை இது.

இதில் விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் சம்பந்தம் உண்டு. 2020-ல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று, தானியத்தையும் பருப்பையும் எண்ணெயையும் பதுக்கி வைப்பதற்கிருந்த வரம்பை அநேகமாக எடுத்துவிட்டது. டில்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்து போராடிய விவசாயிகள் 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்க வைத்தார்கள். பஞ்சாபில் அவர்கள் ரிலையன்ஸ் பங்க்குகளுக்கும் பெரிய கடைகளுக்கும் முன்னால் ஏன் மறியல் செய்தார்கள்? களத்தில் பயறு வாங்கும் கையும் கடையில் பருப்பு விற்கும் கையும் ஒரே கையாகிவிட்டால், உழுகிறவனுக்கும் விலை இல்லை, உண்கிறவனுக்கும் விலை இல்லை என்பதை அவர்கள் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

வேலைநிறுத்தமும் கடை நோட்டும்

இப்போது தோழர்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். தொழிலாளிக்கு என்ன நஷ்டம்?

மில்லில் கதவடைப்பு என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஒரு மாதம் போகிறது, இரண்டு மாதம் போகிறது. சங்கத்தின் போராட்ட நிதி எத்தனை நாளைக்கு வரும்? அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது எப்படி என்று வயதான தோழர்களைக் கேளுங்கள். கடை நோட்டைக் காட்டுவார்கள். 1928-ல் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு மாத காலம் வேலைநிறுத்தம் செய்து உறுதியாக நின்றார்கள். கிராமத்திலிருந்து வந்த தானியமும் பேட்டைக் கடைகள் கொடுத்த கடனும் அவர்களைத் தாங்கின. கடைக்காரர் தியாகியாக மாறிக் கொடுக்கவில்லை. தொழிலாளி பிழைத்தால்தான் தன் கடையும் பிழைக்கும் என்று அவருக்குத் தெரியும். இருவருடைய பிழைப்பும் ஒரே தெருவில் இருந்தது.

மழை பொய்த்து வேலை இல்லாத மாதத்தில் விவசாயத் தொழிலாளிக்கு அரைப் படி அரிசி கடன் கொடுத்ததும் அதே கடைதான். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால் கதவைத் தட்டிச் சர்க்கரையும் மாத்திரையும் வாங்கியதும் அங்கேதான்.

இந்தப் பெரிய கம்பெனிகளிடம் போய், “மில்லில் கதவடைப்பு, அடுத்த மாதம் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். செல்போனிலும் கடன் கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கடனுக்கு வட்டி உண்டு, தேதி உண்டு, தவணை தவறினால் அபராதம் உண்டு. வேலைநிறுத்தம் செய்கிறவனுக்கு அதில் தவணை நீட்டிப்புக் கிடையாது. கடைத் தெரு அழிந்த ஊரில் முதலாளி ஒரு வாரம் கதவைச் சாத்தினாலே தொழிலாளியைப் பணியவைத்து விடலாம். பத்து ரூபாய் மிச்சத்தோடு இந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மற்றொரு கணக்கும் இருக்கிறது. மலிவு விலையில் ஒரு பங்கு, அங்கே வேலை செய்கிறவர்களின் கூலியிலிருந்து பிடுங்கியது. ஜவுளி மாளிகைகளிலும் பெரிய கடைகளிலும் நம் பெண் பிள்ளைகள் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்தார்கள். உட்கார ஓர் ஆசனம் வேண்டும் என்பதற்காகக் கேரளத்தில் விற்பனைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி 2018-ல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021-ல்தான் அந்தத் திருத்தம் வந்தது. சுதந்திரம் வந்து எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, உட்காருவதற்கு ஒரு சட்டம்! அரியானாவில் மானேசரில் உள்ள அமேஸான் கிடங்கில், ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போக மாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கியதாக 2024-ல் புகார் எழுந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய சர்க்காருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

முதுகில் மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் பறக்கும் பையனைப் பாருங்கள். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விழுந்தால் உடைகிற காலும் அவனுடையது. ஆனால் கம்பெனி அவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. ‘கூட்டாளி’ என்கிறது. லாபத்தில் பங்கு இல்லாத கூட்டாளி! நேற்று மில்லில் ஆள்குறைப்பில் வெளியேறியவனும், வயலில் இயந்திரம் வந்ததால் வேலை இழந்தவனுமே இன்று இந்த மூட்டையைச் சுமக்கிறார்கள். அவர்கள் நம் பிள்ளைகள். கடைக்காரர் அவர்கள் மீது கோபப்படுவதும், நாம் அவர்களைக் குறை சொல்வதும் எய்தவன் இருக்க அம்பை நோவதாகும்.

கடைக்காரரிடமும் கேட்கிறோம்

சின்ன வியாபாரியை ஆதரிக்கிறோம் என்பதற்காக அவர் குற்றங்களை மூடி மறைக்க நாம் தயாராக இல்லை.

கடன் என்றால் விலையில் இரண்டு ரூபாய் ஏற்றி எழுதிய கடைகள் இருந்தன, இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரனின் நோட்டில் கணக்கு வளர்ந்த கதைகளும் உண்டு. எடை குறைத்தவர்கள் உண்டு. தட்டுப்பாடு வந்தபோது சரக்கைப் பின்கட்டில் வைத்துக்கொண்டு இல்லை என்றவர்கள் உண்டு. காலை ஆறு மணிக்கு வந்து ராத்திரி பத்து மணிக்குப் போகும் கடைப் பையனுக்கு லீவும் இல்லை, சட்டக் கூலியும் இல்லை.

எல்லாவற்றையும் விட வெட்கக்கேடு ஜாதி. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தலித் குழந்தைகள் காசு கொண்டு வந்தும் தின்பண்டம் தர மறுத்துத் திருப்பி அனுப்பினார் ஒரு கடைக்காரர். அதைப் படம் பிடித்துப் பரப்பவும் செய்தார்கள். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது, கைதும் நடந்தது. அந்தக் குழந்தைகள் முகம் வாடித் திரும்பியதை நாடே பார்த்தது. கையில் படாமல் சாமானைத் தூக்கிப் போடும் கடை இன்னும் சில கிராமங்களில் இருக்கிறது. “செல்போன் கடை என் ஜாதியைக் கேட்பதில்லை” என்று ஒரு விவசாயத் தொழிலாளி சொன்னால், அவருக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? முதலில் அந்தத் தீண்டாமையை ஒழிக்க அவரோடு நிற்பதுதான் பதில்.

ஆகவே வியாபாரிகள் சங்கங்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தொழிலாளியின் ஆதரவு உங்களுக்கு வேண்டும். நியாயமாகவே கேட்கிறீர்கள். சரியான எடை, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காமை, கடைச் சிப்பந்திக்குச் சட்டப்படி கூலியும் வார விடுமுறையும், ஜாதி பார்க்காத கல்லா இவற்றை நீங்கள் உறுதி செய்யுங்கள். எங்கள் வேலைநிறுத்தத்தின்போது கடையடைத்து ஆதரவு கொடுங்கள். உங்கள் கடையடைப்பின்போது நாங்கள் ஊர்வலத்தில் வருகிறோம்.

செய்ய வேண்டியது என்ன?

பழைய நோட்டுக் கடையை அப்படியே காப்பாற்றி வைத்தால் போதுமா? போதாது. மலிவு விலை தொழிலாளியின் உரிமை. அதைப் பகாசுரன் கையால் வாங்காமல் தன் கையாலேயே செய்துகொள்ள வழி உண்டு.

1844 டிசம்பர் 21ந் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில், 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் மில் ஊரின் நெசவாளிகள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி இவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லை, எடைக் குறைவு இல்லை, லாபம் வாங்குகிறவர்களுக்கே திரும்பியது. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தச் சிறு கடை வழிகாட்டியாயிற்று. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-லேயே தொடங்கிவிட்டது. உழவர் தன் காய்கறியைத் தானே விற்க 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை வந்தது. ரேஷன் கடை இன்றும் துவரம் பருப்பைக் கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயிலை லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறது. எந்தப் பெரிய கம்பெனி இந்த விலைக்குத் தரும்? தனியார் கடைகளில் விலை எகிறும்போது ஏழைக்குத் துணை நிற்பது இந்த ரேஷன் கடைதான்.

எனவே நாம் கோருகிறோம்:

ரேஷன் கடைகளில் பருப்பு, எண்ணெயின் அளவைக் கூட்ட வேண்டும். சரக்கு மாதம் முழுவதும் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். கூட்டுறவுப் பண்டகசாலைகளைச் சீர்திருத்தி, சின்னக் கடைகளுக்கு அவற்றின் மூலம் மொத்த விலையில் சரக்குக் கொடுக்க வேண்டும். சின்ன வியாபாரிக்குக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக் கடன் வேண்டும்; கந்துவட்டிக்காரனிடம் அவரைத் தள்ளக் கூடாது. நஷ்டத்துக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதை உடனுக்குடன் தடுத்துத் தண்டிக்கும் சட்டம் வேண்டும். 2012-ல் கொடுத்த அந்நிய மூலதன அனுமதியை ரத்து செய்ய வேண்டும். கடைச் சிப்பந்தி, கிடங்குத் தொழிலாளி, டெலிவரித் தொழிலாளி எல்லோரையும் தொழிலாளி என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டு மணி வேலை, குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ., பி.எப். உரிமைகள் அவர்களுக்கு வேண்டும். ராஜஸ்தானில் 2023-ல் இவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் நலவாரியம் மட்டும் இருந்தால் போதாது.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் எதுவும் வராது. மில் சங்கக் கிளையும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் தங்கள் ஊர்க் கடைத் தெருவுக்குப் போகட்டும். கடைக்காரர்களையும், கடைச் சிப்பந்திகளையும், மோட்டார் சைக்கிள் பையன்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்துப் பேசட்டும். கசப்பான கணக்குகள் இருந்தால் அங்கேயே பேசித் தீர்க்கட்டும்.

இன்றைக்குப் பத்து ரூபாய் மலிவு என்று நாம் எல்லோரும் தனித்தனியாகப் போனால், நாளைக்கு விலை சொல்கிறவன் ஒருவனே இருப்பான். பேரம் பேச அப்போது வேறு கடை இருக்காது. அந்த நாள் வருவதற்கு முன்னால் ஒன்று சேருவோம்!